சிரட்டைக்கு அஞ்சிய தர்ம வணிகர்

வேலேந்திய பெருமானே, உன் ஆறு முகங்களில் ஒன்றையேனும் இந்தக் குளிர்நாட்டின் பக்கம் திருப்பி, முதுமையில் நடுங்கும் என் எழுதுகோலைக் காத்தருள்வாய். என் சொல்லில் சினம் புகுமிடத்து அது உண்மையின் எல்லையைக் கடவாதிருக்கட்டும். புகழ் புகுமிடத்து அது தகாதவர் வாசலில் போய் நில்லாதிருக்கட்டும்.

இன்று வைகாசி விசாகம். நல்ல நாளில் நல்ல செயலைத் தொடங்க வேண்டும் என்பர். நான் இன்று தொடங்குவது ஒரு மறுப்பு. எங்கள் கோயில் மலரில், ‘சூழலைப் பேணிய எம்மவரின் முதல் வணிகர்’ என்ற தலைப்பில் ஒருவரைப் போற்றிக் கட்டுரை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டனர். அவருடைய படத்தையும் கையோடு கொண்டு வந்திருந்தனர். கோட்டின் மேல் பட்டுச் சால்வை போர்த்தி, மெருகேற்றிய ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சிறு செடி ஒன்றை ஏந்தியபடி அவர் சிரிக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆயினும் அது வேறு வகைச் சிரிப்பு. அந்தக் கை ஒரு நாள் சிரட்டையின் முன் என்ன செய்தது என்பதை நான் மிக அருகில் நின்று கண்டவன். ஆகவே கேட்டதை விட்டுக் கண்டதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எல்லோருடைய சட்டைப் பையிலும் அகதி விண்ணப்பத்தின் நகல் ஒன்று மடிந்து கிடந்த காலம். மொன்றியல் நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு தையற்கூடத்தின் கீழிருந்த நிலவறையை வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்தினோம். குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரை. அதன் கீழே முருகனின் படமும் ஐம்பொன் வேல் ஒன்றும். வெள்ளிதோறும் பதிகம் பாடுவது என் பணி. மேலே தையல் இயந்திரங்கள் கடகடக்கக் கீழே நான் பாடுவேன். இறைவன் இரண்டையும் கேட்டிருப்பான். நிலவறையிலிருந்து எழுந்த ஒலிவாங்கிப் பேச்சுகளோடு ஒப்பிட்டால் இயந்திர ஓசையில் பொய் குறைவு என்றும் எண்ணியிருப்பான்.

ஒலிவாங்கி எப்போதும் நிர்வாகசபைத் தலைவரின் கையிலேயே இருந்தது. படத்தில் சிரிக்கிறவர் அவரே. தம் மைத்துனர் இருவரோடு சேர்ந்து பூசைப்பொருள் வியாபாரம் தொடங்கியிருந்தார். அதற்கு அவரே சூட்டிய பெயர் ‘தர்ம வணிகம்’. ஊதுபத்தியும் கர்ப்பூரமும் விற்றார். அவற்றிலும் மேலாகப் பிளாஸ்டிக் மாலை விற்றார். அதற்கு அவர் சொன்ன நியாயம் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

“பூப் பறிக்கிறதும் ஒரு கொலைதானே? செடியை நோகப்பண்ணி என்ன பக்தி? எங்கடை மாலையிலை ஒரு பாவமும் இல்லை. வாடாது, உதிராது, ஆயுளுக்கும் கிடக்கும்.”

ஞாயிறு மதியம் உண்ட ஆட்டிறைச்சியின் மணம் வாயை விட்டு நீங்குமுன்பே அவர் செவ்வந்திக்காக உருகினார். சபையோர் கைதட்டினர். முருகன் கழுத்தில் பிளாஸ்டிக் ஏறியது. அப்படியும் சிலர் உண்மைப் பூவைக் கொண்டு வந்துகொண்டேயிருந்தனர்.

இறைவன் சூடிக் களைந்த பூவை நிர்மாலியம் என்போம். காலில் மிதிபடாமல், ஓடும் நீரிலோ மரத்தின் அடியிலோ அதைச் சேர்ப்பது முறை. எங்கள் சபையினரோ அதைக் கறுப்புப் பைகளில் அடைத்து, உடைத்த தேங்காய்களின் சிரட்டைகளையும் உள்ளே திணித்து, நடைபாதையோரம் குப்பைக்கு வைத்தனர். அணிலும் ரக்கூனும் பையைக் கிழித்துவிடும். விடிந்தால், இறைவன் மார்பில் கிடந்த பூக்கள் பக்கத்து இறைச்சிக்கடை எலும்புகளோடு கரும்பனிச் சேற்றில் கிடக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களின் சப்பாத்துகள் அவற்றின் மேலே போகும். நான் தலைவரிடம் முறையிட்டேன்.

“ஐயா, இது கனடா,” என்றார் அவர். “இஞ்சை குப்பை எடுக்க லொறி வரும். ஆறு தேடிக்கொண்டு திரிய எங்களுக்கு நேரம் கிடக்கே? இருக்கிற ஆறும் மாரியிலை கல்லு.”

அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. சென் லோரன்ஸ் நதி அப்போது உறைந்துதான் கிடந்தது.

அந்தப் பைகளைத் தேடி ஒரு பெண் வந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர், சிறு மகளோடு தனித்து வாழ்ந்தவர். துணிகளுக்குச் சாயம் தோய்க்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கே எழும் ஆவி அவருடைய நெஞ்சைப் பிடித்திருந்தது. பதிகத்தின் நடுவில் அவர் இருமத் தொடங்கினால் நான் அடுத்த அடியைத் தாமதித்தே எடுப்பேன். இன்னொரு மாரிகாலம் அந்த ஆவிக்குள் நின்றால் நுரையீரல் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், கோயிலின் பின்னொழுங்கைச் சந்தில், நடைபாதைக்குப் போகக் காத்திருந்த பைகளின் அருகே என்னை மறித்தார்.

“ஐயா, இதுகள நான் எடுத்திட்டுப் போகட்டா?”

“என்னத்துக்குப் பிள்ளை?”

“பூவ மக்க வெச்சா நல்ல மண்ணாகும். அத இந்தச் சிரட்டையில போட்டு மிளகாயும் கத்தரியும் முளைக்க வைக்கலாம். நாங்க வயல்காரர், எனக்கு அது தெரியும். ஆனா... சாமிட பூவ வித்துச் சாப்பிட்டாப் பாவமா ஐயா?”

“நீ பூவை விக்கப் போறியோ, முளைச்ச கண்டை விக்கப் போறியோ?”

“கண்டத்தான்.”

“அப்ப பூ போகவேண்டிய இடத்துக்குத்தானே போகுது. வேரடிக்கு.”

அவர் சிரித்தார். சிரிப்பின் முடிவில் இருமல் வந்தது. இரண்டு பைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவரைக் கண்ட தலைவர் படியில் நின்றபடியே மைத்துனரிடம், “பாத்தியே, சாமியின்ரை குப்பையையும் விடுகினமில்லை,” என்றார். குப்பை என்று எறிந்தவரும் அவரே. அதை எடுப்பது இழிவு என்று கண்டவரும் அவரே.

அந்தப் பெண் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு முதிய இத்தாலியர். மாரி வருமுன் தம் அத்திமரத்தை வளைத்து மண்ணுக்குள் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எழுப்புகிற மனிதர். மண்ணைத் தொட்டு வாழ்பவரை அவருக்குச் சொல்லாமலே தெரியும். பழைய யன்னல் கண்ணாடிகளைச் சேர்த்து முற்றத்தில் அவரே ஒரு கண்ணாடிக் கூண்டு அடித்துக் கொடுத்தார். கோயிற்பூவும் இலையுதிர்காலச் சருகும் கலந்து மக்கிய மண், மறு வசந்தத்தில் கறுத்துப் பொலபொலத்து வந்தது. சிரட்டையில் கண் இருந்தால் அதைத் துளைத்தும், கண் இல்லாத பாதியில் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டும் நீர் வடிய வழி செய்தார் அந்தப் பெண். மருந்து தெளிக்கவில்லை, பிளாஸ்டிக் வாங்கவில்லை. வைகாசியில் கன்றுகள் கூண்டை நிறைத்து நின்றன.

தொழிற்சாலையில் அவர் சில வாரங்கள் சம்பளமில்லா விடுப்பு வாங்கியிருந்தார். விசாகம் கழிந்த திங்களன்று வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். கன்றுகள் விற்றுப்போனால் திரும்பிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்காரரின் தம்பிக்கு நகருக்கு வெளியே லவாலில் இருந்த நிலத்தில் ஒரு துண்டைக் குத்தகைக்கு எடுத்துக் கோடை முழுவதும் மரக்கறி விளைவிக்கலாம். விற்காவிட்டால் மீண்டும் அந்த ஆவி. இதை அவர் ஒருவரிடமும் இரந்து சொல்லவில்லை. விசாகத்தன்று பூசை முடிந்தபின் பின்னொழுங்கையில் மேசை போட அனுமதி மட்டுமே கேட்டார். சபை பெருந்தன்மையோடு அனுமதித்தது.

அந்த ஆண்டு விசாகம் ஒரு சனிக்கிழமை. நிலவறை நிரம்பி வழிந்தது. பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் மேசையைச் சூழ்ந்தார்கள். அந்நிய மண்ணில் மிளகாய்க் கன்றைக் கண்ட மகிழ்ச்சியில் பலர் குனிந்து இலையைத் தொட்டார்கள். பின்பு கண் கீழே இறங்கியது. கை மேலே வந்தது. ஒருவர் பின் ஒருவராக, சூட்டைத் தொட்டவர்போல விலகினார்கள்.

“செழிப்பாய்த்தான் இருக்கு. ஆனா என்னத்திலை வைச்சிருக்கிறா, பாத்தியளே?”

“ஓம், ஓம். வாங்கோ, பேந்து பாப்பம்.”

தலைவர் வந்தார். கன்றை விட்டுச் சிரட்டையை உற்றுப் பார்த்தார்.

“பிள்ளை, சனத்துக்குச் சிரட்டையிலையோ குடுக்கிறது? ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“சாமிக்கு உடைச்ச தேங்காய்தானே ஐயா? நீங்க உடைச்சதும் இதுக்குள்ள கிடக்கும்.”

“சாமிக்கு உடைச்சது தேங்காய். சிரட்டை சிரட்டைதான்.”

இளையோருக்கு இது விளங்காது, விளங்கும்படி எழுதுகிறேன். எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒருவருக்குக் கண்ணாடிக் குவளையிலும், சாதியில் தாழ்ந்தவர் என்று தள்ளி வைத்த இன்னொருவருக்குச் சிரட்டையிலும் தேநீர் கொடுத்த காலம் இருந்தது. குவளையில் குடித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமே அன்று ஒழுங்கையில் பெரும்பாலும் நின்றவர்கள். வீட்டையும் காணியையும் உயிரான உறவுகளையும் விட்டு ஓடி வந்தவர்கள். ஒரே வரிசையில் நின்று ஒரே தேவாலயத்துப் பழைய குளிரங்கியை வாங்கிப் போட்டவர்கள். கடல் கடந்த இத்தனை கைகளும் வெறுங்கையாகவே வந்தன என்று அதுவரை நம்பியிருந்தேன். இந்த ஒரு பொதியை மட்டும் யாரும் வழியில் தவறவிடவில்லை.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். “என்ரை கடையிலை பிளாஸ்டிக் சட்டி கிடக்கு. கண்டுகளை அதுக்கை மாத்தித் தா. எங்கடை பேரிலை விப்பம். உனக்கும் தர்மமாய் ஒரு பங்கு தருவன்.”

“சட்டி நாளைக்குக் குப்பைக்குப் போயிரும் ஐயா. கண்ட நட்டுப்போட்டுச் சிரட்டையத் திருப்பித் தந்தா, மறுகா வாற வருசமும் அதுலயே வைப்பன்.”

“வாற வருஷத்தைப் பேந்து பாப்பம். திங்கக்கிழமைக்கு என்ன செய்யப்போறாய்?”

அந்தத் திங்கட்கிழமையை அவர் எங்கோ கேட்டறிந்திருந்தார். வணிகத்தில் அவர் கெட்டிக்காரர்தான். அந்தப் பெண் முகத்தைத் திருப்பி நின்று நெடுநேரம் இருமினார்.

அதற்குள் பானகம் வழங்கும் நேரம் வந்தது. சர்க்கரையும் எலுமிச்சையும் கரைத்த பானகத்தை அடியார்க்கு வார்ப்பது அன்று தலைவரின் உபயம். ‘தர்ம வணிகத்தின் உபயம்’ என்று ஒலிவாங்கியில் முன்பே இருமுறை அறிவித்தாயிற்று. நிலவறையின் பின்வாசலில் நின்று, கைப்பிடிச் செம்பொன்றால் நுரைப்பஞ்சுக் குவளைகளில் வார்த்துக் கொடுத்தார். குடித்த குவளைகள் காற்றில் உருண்டு ஒழுங்கையெங்கும் ஓடின.

நான் மேசைக்குப் போனேன். கழுவி அடுக்கியிருந்த வெறுஞ்சிரட்டைகளில் கண் இல்லாததாகவும் இன்னும் துளையிடாததாகவும் ஒன்றைப் பொறுக்கினேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் அதை நீட்டினேன்.

“இதிலை வாருங்கோ.”

“ஐயா, கப் கிடக்கு.”

“கிடக்கட்டும். எனக்கு இதிலை வாருங்கோ.”

நான் பதிகம் பாடுகிறவன், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், மறுக்க முடியவில்லை. அவர் செம்பைச் சாய்க்கப் போனார். அப்போதுதான் அது நிகழ்ந்தது. குவளையின் விளிம்போடு ஒட்டி வார்த்து வந்த கை, சிரட்டையைக் கண்டதும் தானாகவே உயர்ந்தது. முழங்கை எழுந்தது, செம்பு அவருடைய நெற்றிக்கு நேரே போய் நின்றது. எங்கள் ஊரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் ஏந்திய கைக்கு, பாத்திரம் படாமல் எட்டி நின்று தண்ணீர் வார்ப்பார்களே, அந்த உயரம். அவர் அதை எண்ணிச் செய்யவில்லை. எண்ணியிருந்தால் மறைத்திருப்பார். ஒலிவாங்கியில் அவர் பேசிய தர்மம் அத்தனையும் நாவிலிருந்து வந்தது. இது எலும்பிலிருந்து வந்தது. பானகம் நெடுந்தாரையாக இறங்கி, பாதி சிரட்டையிலும் பாதி என் வேட்டியிலும் விழுந்தது.

மேலேயுள்ள தையற்கூடத்தில் வேலை செய்யும் திருகோணமலைப் பெண்மணி ஒருவரே முதலில் வாய் திறந்தார்.

“அண்ணை, ஏன் அவ்வளவு உயரத்திலையிருந்து ஊத்திறியள்? ஐயாவுக்கு அபிஷேகமோ நடக்குது?”

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல்: “பழகின கையல்லோ. தானாய் ஏறுது.”

சிரிப்பு வெடித்தது. தலைவரின் கை அந்த உயரத்திலேயே ஒரு கணம் நின்று, பின் மெல்ல இறங்கியது.

“செம்பு வழுக்கிப் போச்சு,” என்றார்.

“மேலை நோக்கி வழுக்கிற செம்பை இண்டைக்குத்தான் காணிறன்,” என்றார் திருகோணமலைப் பெண்மணி.

நான் சிரட்டையை இரு கையாலும் ஏந்திக் குடித்தேன். பானகம் நன்றாகவே இருந்தது.

இதைப் படிப்போர், அன்று எல்லோரும் மனந்திரும்பிக் கன்றுகளை அள்ளிச் சென்றனர் என்று எதிர்பார்க்கலாம். நான் புராணம் எழுதவில்லை. சிரித்தவர்களும் வாங்கவில்லை. ஒருவருக்கு மெட்ரோ தவறிவிடுமாம், ஒருவருக்குத் தலையிடியாம், ஒருவருக்குப் பல்கனியில் வெயில் போதாதாம். பிறர் கையின் உயரத்தைக் கண்டு நகைத்தவர் ஒருவரும் தம் கையை நீட்டிப் பார்க்கவில்லை. திருகோணமலைப் பெண்மணி மட்டும் இரண்டு மிளகாய்க் கன்று வாங்கினார். நான் ஒரு கத்தரிக் கன்று வாங்கினேன். மற்றவற்றை அந்தப் பெண் தள்ளுவண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோனார். கன்றுகள் சாயாதபடி மகள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் ஞாயிறு. வீட்டுக்கார இத்தாலியர் காலையில் கூண்டைப் பார்த்தார். கன்றுகள் அப்படியே நின்றன. அவர் காரணம் கேட்டாரோ, அந்தப் பெண் எதைச் சொன்னாரோ, நான் அறியேன். எங்கள் சிரட்டைக் கதையைப் பிரெஞ்சு மொழியில் எப்படித்தான் சொல்வது? அவர் கன்றுகளைத் தம் வீட்டு முன்படிகளில் வரிசையாக அடுக்கிவிட்டுத் தேவாலயத்துக்குப் போனார். பூசை முடிந்து வரும்போது தம் வயதுக்காரர் கூட்டமொன்றைக் கூட்டி வந்தார். நகத்தில் மண் போகாத அந்தக் கிழவர்கள் முதலில் மண்ணை எடுத்து மணந்து பார்த்தார்கள். பிறகு வேரைப் பார்த்தார்கள். அதன் பின்பே இலையைப் பார்த்தார்கள். சிரட்டை அவர்களுக்கு அழகிய ஒரு பாத்திரம், அவ்வளவே. ஒருவர் தம் மனைவிக்கென்று வெறுஞ்சிரட்டையும் ஒன்று கேட்டாராம். மதியத்துக்குள் படிகள் பெரும்பாலும் வெறுமையாயின.

திங்களன்று காலை அந்தப் பெண் சாயத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. லவாலுக்கு நிலம் பார்க்கப் போனார்.

அடுத்த சனிக்கிழமை, நான் வாங்கிய கத்தரிக்கு எவ்வளவு நீர் விட வேண்டும் என்று கேட்பதற்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் எம்மவரின் கார்கள் வரிசையாக நின்றன. இத்தாலியரின் மாடங்களில் சிரட்டைக் கன்றுகளைக் கண்டபின் அவர்களுக்கு வெயில் போதுமானதாகிவிட்டது, தலையிடியும் தீர்ந்துவிட்டது. “எங்கடை ஆக்களுக்கு மிச்சம் வைக்கேல்லையோ பிள்ளை?” என்று உரிமையோடு கோபித்தவரும் உண்டு. வெள்ளையர் கையில் ஏறி இறங்கியதும் சிரட்டை புனிதமாகிவிட்டது. எத்தனை பதிகம் பாடினாலும் என்னால் செய்ய முடியாத சுத்திகரிப்பு அது.

தலைவரும் வந்தார். அந்தப் பெண் வேலியோரம் நின்று, முகத்தில் ஒரு மாற்றமுமின்றிக் கேட்டார்:

“ஐயாக்கு எதுல வேணும்? சட்டியிலயா, சிரட்டையிலயா?”

“சிரட்டையிலையே தா. அதுதான் இயற்கையாம். இத்தாலியன் எல்லாம் சொல்லுறான்.”

அவர் இரு கையாலும் நீட்டினார். தலைவர் இரு கையாலும் வாங்கினார். இந்த முறை கை உயரவில்லை. லாபம் இருக்கும் இடத்தில் அது எவ்வளவு தாழவும் அறியும் கை.

மறு ஆண்டே தர்ம வணிகம் சிரட்டைச் சட்டிகளை இறக்குமதி செய்தது. எங்கோ ஒரு நாட்டில் மெருகேற்றி, வார்னிஷ் பூசி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, அவை மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலனாக வந்திறங்கின. ‘இயற்கை அன்னையின் கொடை’ என்று அறிவிப்பு வேறு. அதே வேளையில் எங்கள் கோயிலின் சிரட்டைகள் கறுப்புப் பைகளில் நடைபாதைக்கே போயிருக்கும். போகாததற்குக் காரணம், அந்தப் பெண் வெள்ளிதோறும் வந்து அவற்றை எடுத்துச் சென்றது ஒன்றே. படத்தில் தலைவர் ஏந்தியிருப்பது வார்னிஷ் பூசிய அந்தச் சட்டிகளில் ஒன்று. அதில் நீர் வடிய வழி இல்லை. செடி இரண்டு வாரத்தில் அழுகியிருக்கும். படம் எடுக்க அவ்வளவு காலமே போதும்.

அந்தப் பெண் லவாலில் பயிரிடத் தொடங்கிய மூன்றாம் வைகாசியில், அவர் அமர்ந்து கேட்கக் கோயிலில் நான் பாடிய பதிகம் இருமலால் தடைப்படவில்லை. இருமல் வருமென்று பழக்கத்தால் ஓர் அடியில் தாமதித்தேன், வரவில்லை. இறைவன் எனக்கு அருளிய காட்சி எது என்று யாரேனும் கேட்டால் அந்த மௌனத்தைச் சொல்வேன். அந்தப் பெண்ணின் படத்தை மலர்க்குழு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கன்று நடும் காலத்தில் அவர் படத்துக்கு நின்றிருக்க மாட்டார்.

மலர்க்குழுவினர் இதை அச்சிட்டால் அச்சிடட்டும். இல்லையேல் கிழித்து மண்ணில் இடட்டும், காகிதமும் நன்றாக மக்கும். இதைப் படிப்போர் யாராயினும், படித்து என்மேல் சினங்கொள்வோர் ஆயினும், உங்கள் மாடங்களில் மிளகாய் காய்க்கட்டும். உங்கள் நெஞ்சில் நல்ல மூச்சு நிற்கட்டும். எந்த ஏந்திய பாத்திரத்தின் முன்னும் உங்கள் கை உயராதிருக்க வேலவன் அருள் புரியட்டும். வாழ்க நீவிர் எல்லோரும்.